கிராமும் பேணியும்: கீரையை அளந்து போடுவது எப்படி?



பிள்ளைகளின் இலைக்கஞ்சிக்கு “முருங்கையிலை 100 கிராம்” என்று சத்துணவுத் தாளில் போட்டிருக்கும். ஆனால் வாழைச்சேனைச் சந்தையில் கீரை கட்டுக்கணக்கில்தான் வாங்குகிறோம். வீட்டிலே தராசும் இல்லை. “ஒரு கோப்பை போட்டாப் போதும்தானே” என்று போட்டுவிடுகிறோம். அது போதுமா? இந்தப் பாடத்தில் அதைக் கணக்குப் பார்ப்போம்.

கொழுந்துக் கூடையை நினைத்துப் பாருங்கள்

மலையகத்தில் கொழுந்து எடுத்தவர்களுக்கு இது புதிதல்ல. அமுக்காத கூடை நிறைந்து தெரியும், தராசில் போட்டால் நிறை குறைவு. அமுக்கினால் அதே கூடைக்கு நிறை கூடும். இலைக்கு நடுவே இருப்பது காற்று. கீரைக்கும் இதே கதைதான். அதனால் அரிசிக்குப் போடும் அளவு இலைக்குப் பொருந்தாது.

நினைவில் வைக்க வேண்டிய அளவுகள்

1. 3 தேக்கரண்டி = 1 மேசைக்கரண்டி (15 மில்லிலீற்றர்).
2. 16 மேசைக்கரண்டி = 1 கோப்பை (240 மில்லிலீற்றர்).
3. நறுக்கிய முருங்கையிலை 1 கோப்பை = சுமார் 21 கிராம்.
4. கொத்தமல்லி இலை 1 கோப்பை = சுமார் 16 கிராம். அதாவது ஒரு மேசைக்கரண்டி ஏறத்தாழ 1 கிராம்.

கடைசி இரண்டும் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவுப் பட்டியலில் உள்ள அளவுகள்.

இப்போது கணக்குக்கு வருவோம். 100ஐ 21ஆல் பிரித்தால் 4.8 வரும். ஆக 100 கிராம் முருங்கையிலைக்கு ஏறக்குறைய ஐந்து கோப்பை வேண்டும்! ஒரு கோப்பை போட்டால் ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதே பட்டியலின்படி 100 கிராம் பச்சை முருங்கையிலையில் 4 மில்லிகிராம் இரும்புச்சத்து உண்டு. ஒரு கோப்பையில் 1 மில்லிகிராம்கூட இல்லை. இரத்தச்சோகை உள்ள தாய்மாருக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இது சின்ன விசயமில்லை.

உங்கள் பேணியை நீங்களே அளவாக்குங்கள்

வீட்டிலுள்ள பால் பேணியைக் கழுவிச் சங்கக் கடைக்குக் கொண்டு போங்கள். வெறும் பேணியை நிறுங்கள். பிறகு தண்ணீர் நிரப்பி நிறுங்கள். கூடின நிறை எத்தனை கிராமோ, பேணி அத்தனை மில்லிலீற்றர் பிடிக்கும். தண்ணீரில் 1 மில்லிலீற்றர் 1 கிராம்தானே.

அடுத்து, நீங்கள் வழக்கமாகச் சமைக்கும் கீரையை நறுக்கி, அமுக்காமல் பேணி நிறையப் போட்டு நிறுங்கள். பேணியின் நிறையைக் கழியுங்கள். வல்லாரை, பொன்னாங்காணி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பார்த்து, கொப்பியில் எழுதி வையுங்கள். ஒருநாள் வேலை, வருசக்கணக்குக்கு உதவும்.

கவனிக்க வேண்டியவை

- தண்டு, காம்பு நீக்கிய பின் நிறுக்க வேண்டும்.
- கழுவினால் நன்றாக உதறுங்கள். ஈரக் கொழுந்துக்குத் தண்ணீர்க் கழிவு போடுவது எதற்கென்று உங்களுக்குத் தெரியும்.
- எப்போதும் ஒரே மாதிரி நிரப்புங்கள். ஒருநாள் அமுக்கி, மறுநாள் அமுக்காமல் போட்டால் கணக்குப் பிழைக்கும்.
- காய்ந்த இலை என்றால் பச்சை இலையில் மூன்றில் ஒரு பங்கு போதும். பச்சை ஒரு மேசைக்கரண்டிக்குக் காய்ந்தது ஒரு தேக்கரண்டி. சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வற்றி ஒரு கிலோ தேயிலை ஆவதுபோலத்தான்.

பயிற்சிக் கணக்கு

பத்துப் பிள்ளைகளின் கஞ்சிக்கு 200 கிராம் முருங்கையிலை வேண்டும். உங்கள் பேணி 300 மில்லிலீற்றர் பிடிக்கும். எத்தனை பேணி?

விடை: 300ஐ 240ஆல் பிரித்தால் 1.25. ஒரு பேணிக்கு 21 × 1.25 = சுமார் 26 கிராம். 200ஐ 26ஆல் பிரிக்க, ஏழரைப் பேணிக்குச் சற்றுக் கூட.

பிள்ளைகளிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். பள்ளிக்கூடக் கணக்கு அடுப்படிக்கும் உதவும் என்று அவர்களுக்கும் விளங்கும்.