நீர்க்கீரைகளைக் கரையேற்றித் தொட்டியில் வளர்த்தல்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகில் தென் திருப்பதி என வழங்கும் திருவண்ணாமலை தொடங்கி இராஜபாளையம் வரையிலுள்ள கண்மாய்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் பெருகிச் சித்திரை வைகாசியில் வற்றும் இயல்புடையன என்பது அங்கத்தினர் யாவரும் அறிந்ததே. இத்தகைய நீர்நிலைகளின் ஓரத்தில் முளைக்கும் வல்லாரை, நீர்ப்பிரமி, பொன்னாங்கண்ணி, வள்ளைக்கீரை, ஆரைக்கீரை ஆகியவை நீர் உள்ளவரையில்தான் கிடைக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பாதியளவே சரியானது. ஆண்டுதோறும் வெள்ளத்தையும் வறட்சியையும் மாறிமாறிக் கண்ட இச்செடிகள், இரண்டிலும் பிழைக்கும் வகையைப் பெற்றிருக்கின்றன. ஆரைக்கீரை ஆழநீரில் இலையை மிதக்கவிடுகிறது. சேற்றில் அதே இலையை நிமிர்த்தி நிற்கிறது. இவற்றுக்கு வேண்டுவது வேரில் நீங்காத ஈரமேயன்றி, தலைக்கு மேல் நீரன்று.

இவற்றை வீட்டில் வளர்க்கவேண்டியதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஊர்க்கழிவும் ஆலைக்கழிவும் கலக்கும் நீரில் முளைத்த கீரை, ஈயம் போன்ற நச்சு உலோகங்களைத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். கழுவினாலும் வேகவைத்தாலும் அந்நஞ்சு நீங்குவதில்லை. பார்வைக்குச் செழிப்பாக இருப்பதைக் கொண்டு தூய்மையை அறிய இயலாது. எனவே, கீரை வளர்ந்த இடம் இன்னதென நமக்குத் தெரிந்திருப்பதே பாதுகாப்பாகும்.

நீரினின்று எடுத்த செடியைத் தொட்டியில் நட்டு, மறுநாளே அது வாடியது கண்டு கைவிடுவோர் பலர். நீருக்குள் வளர்ந்த இலை மெல்லியது. ஈரத்தைக் காக்கும் மெழுகுப் பூச்சு அதன்மேல் போதிய அளவில் இல்லை. காற்றுப் பட்டவுடன் அது உலர்ந்துவிடும். ஆனால் இலை மடிந்தாலும் கணு உயிரோடிருக்கும். அக்கணுவினின்று தடித்த புது இலை புறப்படும் வரையில் காற்றின் ஈரத்தைக் காத்துக்கொடுத்தல் வேண்டும். கரையேற்றும் வேலையின் நுட்பம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

ஓர் அடி அகலமுள்ள மண்தொட்டியே போதும். துளையை அடியில் இடாமல், அடியிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் பக்கவாட்டில் இடுக. அடிப்பாகத்தைத் துளைமட்டம் வரை பருமணலால் நிரப்பி, அதன்மேல் மண்ணை இடவேண்டும். ஊற்றும் நீரில் மிகுதி துளை வழியே வெளியேற, எஞ்சியது மண்ணின் கீழ் மறைந்து நிற்கும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, வீட்டில் திறந்து நிற்கும் நன்னீரில் முட்டையிட்டு, ஏறக்குறைய 10 நாட்களில் பறக்கும் பருவத்தை அடைந்துவிடும். மண்ணின் கீழ் மறைந்த நீரில் அதற்கு இடமில்லை. தொட்டியின் கீழே நீர்த்தட்டு வைக்கும் வழக்கத்தை நாம் ஆதரிப்பதற்கில்லை.

வயல்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்று கலந்துகொள்க. பால்கோவாவுக்குப் பேர்போன இப்பகுதியில் சாணத்துக்குக் குறைவில்லை. ஆயினும் பச்சைச் சாணத்தை இடுதல் கூடாது. ஈரமண்ணில் அது புளித்து வேரை அழுகச் செய்யும்.

பொன்னாங்கண்ணி, நீர்ப்பிரமி, வள்ளை ஆகியவற்றில் நான்கைந்து கணுக்களுள்ள தண்டை ஒடித்து, கீழ் இரண்டு கணுக்கள் மண்ணுள் இருக்குமாறு நடுக. வல்லாரையையும் ஆரையையும் வேரோடு கூடிய ஓடுதண்டாக எடுக்க வேண்டும். வல்லாரை, நீர்ப்பிரமி இரண்டையுமே பிரமி என்று அழைப்பாருண்டு. காம்பின் நுனியில் சிறுநீரக வடிவமான இலை தாங்குவது வல்லாரை. காம்பில்லாத சிறு தடித்த இலைகளை எதிரெதிராகக் கொண்டது நீர்ப்பிரமி. வாங்கும்போது இதைக் கவனிக்கவும்.

நட்ட தொட்டியை நிழலில் வைத்து, மூங்கிற்கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் நனைத்த துணியைப் போர்த்துக. ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும். பின்னர் காலையில் ஒரு மணி நேரம் கூடையை அகற்றி, நாளுக்கு நாள் அந்நேரத்தை நீட்டிக்கொண்டு செல்க. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் புதுத்துளிர் தோன்றும். துளிர் விறைத்து நிற்கக் கண்டபின் கூடை வேண்டுவதில்லை, இளவெயிலில் வைக்கலாம். மேல்மண்ணில் வெண்மையாக உப்புப் பூக்குமாயின், அது கிணற்றுநீரின் குற்றம். மழைநீரையோ உப்பில்லாத நீரையோ நிறைய ஊற்றி உப்பைத் துளை வழியே கழித்துவிடுக.

கீரையைக் கிள்ளும்போது இரண்டு கணுக்களை விட்டுக் கிள்ளினால் மீண்டும் தழைக்கும். தாய்ச்செடியைக் கழிவு கலவாத இடத்திலிருந்து எடுக்கவும். அசுத்த நீரினின்று எடுக்க நேர்ந்தால், முதலில் தழைத்ததை வெட்டியெறிந்து, புதுத்தண்டுகளை வேறு மண்ணில் மறுபடி நட்டு, அதன்பின் வளர்வதையே உண்க.

எல்லா நீர்ச்செடிகளும் இதற்கு இசைவன அல்ல. நீருள் மூழ்கியே வாழும் வேலம்பாசி கரையில் பிழைக்காது. தாமரைக்கு நிற்கும் நீர் வேண்டும். வளர்க்க விரும்புவோர் அந்நீரில் கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன்களை விடுக. தென் அமெரிக்காவினின்று வந்து நம் நீர்நிலைகளை அடைத்துக்கொண்ட ஆகாயத்தாமரையை மட்டும், பூவின் அழகைக் கண்டு வீட்டுக்குக் கொணர வேண்டாம். அதன் ஒரு துண்டு வாய்க்காலில் விழுந்தாலும் கண்மாய் வரை சென்று பெருகும்.

ஒரு தொட்டி நன்கு தழைத்தால் அடுத்த அங்கத்தினர் சிலருக்குத் தண்டு கொடுக்கப் போதுமானது. மாதக் கூட்டத்துக்கு வருவோர் தண்டுகளை ஈரச்சாக்கில் சுற்றிக் கொணர்ந்தால் வழியில் வாடாது.