ஜீப்பின் அடிவயிறு

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் வழியைப் பாதை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். உருண்டும் பிளந்தும் கிடக்கும் பாறைகளின் மேல் ஜீப்புகள் தவழ்ந்து ஏறுகின்றன. இத்தகைய மலைவழிகளில் ஜீப்பில் சென்றவர்களுக்கு ஓர் ஓசை பழகிப்போயிருக்கும். காலுக்கு அடியில் "டங்" என்று ஒரு சத்தம். தொடர்ந்து, இரும்பு கல்லில் உரசும் கரகரப்பு. வண்டி நிற்பதில்லை. ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் எப்போதாவது அந்த ஒரு "டங்" அரைமணி நேரம் கழித்து எஞ்சினை நிறுத்திவிடும்; அல்லது இறக்கத்தில் பிரேக்கைப் பறித்துவிடும்.

எந்த அடி வெறும் கீறல், எந்த அடி ஆபத்து? அதைக் குனிந்து பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி? அடியே படாமல் தப்புவது எப்படி? இதற்கு வேண்டிய அறிவியலில் பெரும்பகுதி உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

கீழே என்னென்ன இருக்கின்றன?

1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் லட்சக்கணக்கில் தயாரான வில்லிஸ் எம்.பி. ஜீப்பை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு ஜீப்புகளுக்கு இதுவே மூதாதை. 1940களின் இறுதியில் மகீந்திரா நிறுவனம் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது இந்த வில்லிஸ் குடும்பத்து வண்டிகளைத்தான்.

இந்த ஜீப்பைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்ததாகக் கற்பனை செய்யுங்கள். முன்புறம் எஞ்சினின் அடியில் ஒரு தகரத் தொட்டி தெரியும். எஞ்சின் எண்ணெய் தங்கும் இடம் இதுதான். நூல்களில் இதற்கு "சம்ப்" என்று பெயர். நம் பட்டறைகளில் "சேம்பர்" என்பார்கள். நடுவில் பல்சக்கரப் பெட்டிகள். அவற்றிலிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு இயக்குதண்டுகள் ஓடுகின்றன. ஒவ்வோர் அச்சிலும் பூசணிக்காய்போல் புடைத்த ஓர் உருண்டை இருக்கும். அதுதான் டிஃபரன்ஷியல், தண்டின் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரங்கள் இதனுள் இருக்கின்றன. இவற்றுக்கிடையே புகைக்குழாயும், எரிபொருள் குழாயும், பென்சிலைவிட மெல்லிய பிரேக் குழாய்களும் வளைந்து செல்கின்றன.

டிஃபரன்ஷியல் கனத்த இரும்பு வார்ப்பு. பாறையில் பத்துமுறை மோதினாலும் பெரும்பாலும் தாங்கும். சேம்பரோ மெல்லிய தகடு. பிரேக் குழாயைக் கையாலேயே வளைக்கலாம். ஆகவே, சத்தம் எவ்வளவு பெரிது என்பதைவிட அது எங்கே கேட்டது என்பதே முக்கியம்.

உயரமும் கோணமும்

வில்லிஸ் ஜீப்பின் தரை இடைவெளி சுமார் 22 செ.மீ. இது டிஃபரன்ஷியலின் அடியிலிருந்து தரைவரை உள்ள தூரம். வண்டியை உயர்த்த விரும்பும் சிலர், அச்சுக்கும் வில்பட்டைக்கும் நடுவே கட்டை வைத்து உடலைத் தூக்குகிறார்கள். பார்ப்பதற்கு வண்டி கம்பீரமாக நிற்கும். டிஃபரன்ஷியலோ இருந்த இடத்திலேயே இருக்கும்! ஏனெனில் அது அச்சோடு சேர்ந்தது. அச்சு சக்கரத்தின் மையத்தில் இருப்பது. அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர்தான். அதிலும் விட்டம் 6 செ.மீ. கூடினால் மையம் 3 செ.மீ. மட்டுமே உயரும். உடலைத் தூக்குவதால் சேம்பருக்கும் நடுவயிற்றுக்கும் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஈர்ப்பு மையமும் கூடவே உயர்வதால் பக்கச் சரிவில் வண்டி கவிழ்வது எளிதாகிறது.

இந்தச் சிக்கலை ஜெர்மனியின் யூனிமோக் டிரக்கை வடிவமைத்தவர்கள் அழகாகத் தீர்த்தார்கள். சக்கரத்துக்கு அருகே ஒரு ஜோடிப் பல்சக்கரம் வைத்து, அச்சைச் சக்கர மையத்துக்கு மேலே கொண்டுபோய்விட்டார்கள். 1980களில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த ஹம்வீ வண்டியிலும் சக்கரத்தருகே இத்தகைய பல்சக்கரங்கள் உண்டு. அதன் தரை இடைவெளி சுமார் 41 செ.மீ.; வில்லிஸ் ஜீப்பினுடையதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு.

உயரம் மட்டும் போதாது, கோணமும் வேண்டும். மேட்டில் ஏறத் தொடங்கும்போது முன்முகம் இடிக்கக் கூடாது. இறங்கி முடிக்கும்போது வால் இடிக்கக் கூடாது. வில்லிஸ் ஜீப்பில் முன்கோணம் 45 டிகிரி, பின்கோணம் 35 டிகிரி. இவற்றைவிடச் சுவையானது நடுக்கோணம். கூரைபோல் இருபுறமும் சரிந்த மேட்டை வண்டி தாண்டும்போது, முன்சக்கரம் அந்தப்பக்கமும் பின்சக்கரம் இந்தப்பக்கமும் நிற்க, மேட்டின் உச்சி வயிற்றில் குத்துகிறது. அப்போது சக்கரங்கள் பிடிப்பின்றிச் சுழல, வண்டி ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டு நிற்பதும் உண்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வண்டியின் நடுவயிறு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருப்பதாகவும், முன்பின் சக்கரங்களுக்கிடையே 2 மீட்டர் இருப்பதாகவும் கொள்வோம். (வில்லிஸ் ஜீப்பில் இது 2.03 மீட்டர்.) பாதித் தூரம் 100 செ.மீ. 30ஐ 100ஆல் வகுத்தால் 0.3. டேன்ஜென்ட் 0.3 உள்ள கோணம் சுமார் 16.7 டிகிரி. அதாவது, பக்கத்துக்கு 16.7 டிகிரி சரிவுள்ள மேடுவரை இந்த வண்டி வயிறு தட்டாமல் தாண்டும். இப்போது அதே உயரம். ஆனால் சக்கரத் தூரம் 3 மீட்டர். 30ஐ 150ஆல் வகுத்தால் 0.2, கோணம் 11.3 டிகிரிதான். டயர் வட்டமாக இருப்பதால் உண்மையில் விடை சற்றுக் கூடும். எனினும் நீளமான டிரக் மாட்டிக்கொள்ளும் மேட்டைக் குட்டை ஜீப் எப்படித் தாண்டுகிறது என்பது விளங்கிவிட்டதல்லவா?

பாறையைக் கண்டதும் அதை இரு சக்கரங்களுக்கும் நடுவே விட்டு ஓட்டுவதே புதியவர்களின் இயல்பு. மலைவழியில் பழகிய ஓட்டுநர் நேர்மாறாக, சக்கரத்தைப் பாறையின் மேலேயே ஏற்றுவார். ஒரு சக்கரம் 20 செ.மீ. உயர்ந்தால் அச்சின் நடுப்புள்ளி 10 செ.மீ. உயர்கிறது. நடுவே விட்டாலோ ஒரு சென்டிமீட்டர்கூட உயராது.

ஏன் மெல்ல ஓட்ட வேண்டும்?

வண்டியின் ஒருபக்கம் பாறையிலிருந்து வழுக்கி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 600 கிலோகிராம் பாரம் 10 செ.மீ. விழுந்து ஒரு கல்லின்மேல் மோதுகிறது. இரும்பு 1 செ.மீ. நசுங்கி அதைத் தடுத்து நிறுத்தினால், அந்த 1 செ.மீ. தூரத்தில் இயங்கிய சராசரி விசை பாரத்தைப்போல் 11 மடங்கு. அதாவது 6 டன் எடைக்கும் மேல்! அந்த விசை உள்ளங்கை அளவு இடத்தில் இறங்கினால் தகரத் தொட்டி என்ன ஆகும்? முன்னோக்கி மோதும்போதும் இதே கதைதான். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் படும் அடியைவிட 20 கி.மீ. வேகத்தில் படும் அடி நான்கு மடங்கு கடுமையானது.

காப்புத் தகடு இங்கேதான் உதவுகிறது. கனமான எஃகுத் தகட்டைச் சேம்பருக்குக் கீழே, அதைத் தொடாமல், வண்டியின் சட்டத்தில் பூட்டுகிறார்கள். விசை சேம்பருக்குப் போகாமல் சட்டத்துக்குப் போய்விடுகிறது. தகட்டின் முன்விளிம்பு மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால், வண்டி கல்லில் முட்டி நிற்காமல் சறுக்கிச் செல்கிறது. குறையும் உண்டு. தகட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே சேறு அடைந்து வெப்பம் வெளியேறாமல் தடுக்கும்; எண்ணெய்க் கசிவையும் அது மறைத்துவிடும். தகடு பூட்டியவர்கள்தான் கீழே குனிந்து பார்ப்பதை முதலில் மறக்கிறார்கள்!

தடயம் படித்தல்

குனிந்து பார்க்குமுன் ஓர் எச்சரிக்கை. ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். சமதளம், சக்கரத்துக்கு அண்டைக்கட்டை, ஆறிய புகைக்குழாய் இம்மூன்றும் அவசியம். கூடவே பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்.

கீறல் பளபளப்பாக இருந்தால் புதிது, துருவேறியிருந்தால் பழையது. வண்டியின் நீளவாட்டில் ஓடும் கீறல், ஓடும்போது பட்ட அடி. குறுக்குவாட்டுக் கீறல், வண்டி பக்கமாக வழுக்கியதற்கு அடையாளம். கீறலின்றிக் குழி மட்டும் இருந்தால் வண்டி மேலிருந்து நேராக இறங்கியிருக்கிறது. தூசி படிந்து கெட்டியான எண்ணெய்க் கறை நெடுநாள் கசிவு. தூசியைக் கழுவிக்கொண்டு ஓடிய ஈரக்கோடு இன்றைய காயம். திரவம் புவியீர்ப்பால் கீழேயும், ஓடும்போது காற்றால் பின்னேயும் போகும். ஆகவே சொட்டும் இடத்தில் ஓட்டையைத் தேடாதீர்கள். ஈரமான பகுதியில் எது மிக மேலே, மிக முன்னே இருக்கிறதோ அங்கே தேடுங்கள்.

என்ன சொட்டுகிறது என்பதை அறிய, இரவு வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டையை விரித்து வைத்தால் போதும். கறுத்து வழவழப்பாக இருந்தால் எஞ்சின் எண்ணெய். கெட்டியாக, கந்தக நாற்றத்துடன் இருந்தால் டிஃபரன்ஷியல் எண்ணெய். அழுத்தம் தாங்குவதற்காக அதில் கந்தகச் சேர்மங்களைச் சேர்க்கிறார்கள். பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிற நீர் ரேடியேட்டரிலிருந்து வந்தது. அது நச்சு, நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. நிறமற்ற தூய நீர் குளிர்சாதனத்தின் வேலை, கவலை வேண்டாம்.

மஞ்சளாக, நீர்போல் இளகி இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அது பிரேக் திரவமாக இருக்கலாம். எல்லோரும் அதைப் "பிரேக் ஆயில்" என்கிறார்கள். உண்மையில் வழக்கமான பிரேக் திரவம் எண்ணெயே அன்று. கிளைக்கால் வகைச் சேர்மங்களால் ஆனது. எனவே ஒரு சொட்டை நீரில் விட்டால் கலந்துவிடும். எண்ணெயாக இருந்தால் மிதக்கும். சந்தேகம் வந்தால், நின்ற வண்டியில் பிரேக்கை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். மிதி மெல்ல மெல்லக் கீழே போனால் வண்டியை நகர்த்தவே கூடாது. பாஸ்கல் விதிப்படி அழுத்தம் எல்லாக் குழாய்களுக்கும் சமமாகப் பரவுகிறது. பழைய ஜீப்புகளில் இருந்தது ஒரே இணைப்பு என்பதால், ஒரு குழாயில் ஓட்டை விழுந்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். பின்னாளில் இரு தனி இணைப்புகள் வந்தது இதனால்தான்.

ஒரு சொட்டும் சிந்தாத ஆபத்தும் உண்டு. சேம்பரின் உட்புறத்தில், அடித்தகட்டுக்குச் சற்று மேலே, எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாய் இருக்கிறது. இடைவெளி விரற்கடைக்கும் குறைவு. சேம்பர் உள்ளே குழிந்தால் அது அந்த வாயை அடைத்துவிடும். வெளியே கசிவு இல்லை. அளவுகோலிலும் எண்ணெய் நிறைவாகக் காட்டும். ஆனால் எஞ்சின் தாகத்தால் தவிக்கும்! உள்ளே சுழலும் உலோகப் பரப்புகளைப் பிரித்து வைத்திருப்பது தலைமயிரைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம். அது அற்றுப்போனால் உராய்வு வெப்பத்தில் அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும். அடுத்த ஊர்வரை ஓட்டிப் பார்த்தால், சேம்பர் மாற்றும் செலவு எஞ்சின் மாற்றும் செலவாகிவிடும்.

இயக்குதண்டு நசுங்கினால் அதன் எடை மையம் விலகி, வேகம் கூடக் கூட அதிர்வும் கூடும். புகைக்குழாய் நசுங்கினால் எஞ்சின் மூச்சு முட்டி இழுவை குறையும். இவை ஓட்டும்போதே தெரிந்துவிடும்.

ஓடையும் வெப்பநிலையும்

அடிவயிற்றுக்குக் கல் மட்டுமே பகை அன்று. நெடுநேரம் ஓடிய டிஃபரன்ஷியல் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருப்பதாகக் கொள்வோம். அப்படியே குளிர்ந்த ஓடையில் இறங்குகிறது. 25 டிகிரிக்கு வருகிறது. தனி வெப்பநிலையில் இது 353லிருந்து 298. உள்ளிருக்கும் காற்றுக்கு வெளியிலிருந்து வழி இல்லையென்றால் அதன் அழுத்தம் சுமார் 16 விழுக்காடு குறையும். 1.6 மீட்டர் உயர நீரின் அழுத்தத்துக்கு இது சமம். அச்சின் முனையிலுள்ள ரப்பர் வளையங்கள் வழியே ஓடை நீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. இதற்காகவே டிஃபரன்ஷியலுக்கு ஒரு மூச்சுத்துளை வைத்திருக்கிறார்கள். அது சேற்றால் அடைபட்டால் பயனில்லை. நீரில் மூழ்கினால் அதன் வழியாகவே நீர் நுழையும். ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி மேலே எஞ்சின் அறைவரை கொண்டுபோய்விட்டால் சிக்கல் தீர்ந்தது. நீர் புகுந்ததா என்று அறிய, எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் புகுந்துவிட்டது. எண்ணெயை மாற்ற வேண்டும்.

செய்து பாருங்கள்

கெட்டி அட்டையில் இரண்டு வண்டிகள் செய்யுங்கள். ஒன்றுக்குச் சக்கரங்களுக்கிடையே 20 செ.மீ.; மற்றொன்றுக்கு 30 செ.மீ. சக்கரங்கள் இரண்டிலும் ஒரே அளவு. வயிறு தரையிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். 60 செ.மீ. நீள அட்டையை நடுவில் மடித்து, உச்சி 7.5 செ.மீ. உயரத்தில் வரும்படி கூரைபோல் நிறுத்துங்கள். குட்டை வண்டி தாண்டும். நெட்டை வண்டி மாட்டிக்கொள்ளும். நெட்டை வண்டியும் தாண்ட வேண்டுமானால் அதன் சக்கர விட்டத்தை எவ்வளவு கூட்ட வேண்டும்? முதலில் கணக்கிட்டு எழுதி வைத்துக்கொண்டு, பிறகு சக்கரத்தை வெட்டுங்கள்.