கார் கதவில் காம்பொனென்ட் ஸ்பீக்கர்: நீங்களே பொருத்தலாம்

கார் வாங்கியவர்கள் அடுத்து மாற்ற விரும்புவது பெரும்பாலும் ஸ்பீக்கரைத்தான். கம்பெனி தரும் ஸ்பீக்கரில் பேப்பர் கோனும் சிறிய காந்தமும்தான் இருக்கும். ஆனால் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து புதிய ஸ்பீக்கர் மாட்டிய பிறகும் "பேஸ் முன்பை விடக் குறைந்துவிட்டது" என்று சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் தவறு ஸ்பீக்கரில் இல்லை. அதைக் கதவில் பொருத்திய விதத்தில்தான் இருக்கிறது. சரியாகப் பொருத்துவது எப்படி என்று இங்கு பார்க்கலாம்.

காம்பொனென்ட் என்றால் என்ன?

கோஆக்ஸியல் ஸ்பீக்கரில் வூபரின் நடுவிலேயே ட்வீட்டர் இருக்கும். காம்பொனென்ட் செட்டில் வூபர், ட்வீட்டர், கிராஸ்ஓவர் மூன்றும் தனித்தனியாக வரும். கிராஸ்ஓவர் என்பது காயில்களும் கெப்பாசிட்டர்களும் கொண்ட சிறிய பெட்டி. இது தாழ்ந்த ஒலிகளை வூபருக்கும் உயர்ந்த ஒலிகளை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்புகிறது. ட்வீட்டரைக் காதுக்கு அருகில் உயரமாக வைக்கலாம் என்பதே இதன் பெரிய லாபம். பாட்டு காலடியிலிருந்து வராமல் டேஷ்போர்டின் மேலிருந்து வருவது போல் கேட்கும்.

வாட் கணக்கில் ஏமாற வேண்டாம்

கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்களில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் வாட் போட்டு விற்றது நினைவிருக்கும். கார் ஸ்டீரியோவில் உள்ள "50 வாட் x 4" என்பதும் ஏறக்குறைய அதே கதைதான். வண்டி ஓடும்போது கிடைக்கும் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். இதை இருமடியாக்கி 4 ஓம்மால் வகுத்தால் 51.8 வாட் வரும். ஆனால் அது முழுக்க சிதைந்த சதுர அலைக்கான கணக்கு. சுத்தமான சைன் அலைக்கு அதில் பாதி, அதாவது சுமார் 26 வாட்தான் அதிகபட்சம். இழப்புகள் போக உண்மையில் 20 வாட் அளவே கிடைக்கும்.

எனவே தனி ஆம்ப்ளிபயர் வைக்காதவர்கள் "300 வாட்" என்ற எழுத்தைப் பார்க்காமல் சென்சிட்டிவிட்டி என்ற அளவைப் பார்க்கவும். 91 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டில் தரும் சத்தத்தை 88 டெசிபல் ஸ்பீக்கர் தர 20 வாட் தேவைப்படும். ஓம் அளவையும் கவனியுங்கள். ஸ்டீரியோ 4 ஓம்முக்கு என்றால் 2 ஓம் ஸ்பீக்கரை இணைக்கக் கூடாது. அதன் உள்ளிருக்கும் ஐ.சி. சூடாகிப் பழுதடையலாம்.

வாங்கும் முன் அளவெடுங்கள்

6.5 இஞ்ச் என்பது ஒரு பெயர் மட்டுமே. ஒரே பெயரில் விற்கும் ஸ்பீக்கர்களுக்கிடையே கூட பிரேம், வெட்டு விட்டம், ஸ்குரூ துளைகள் வேறுபடும். சில கார்களின் முன்கதவில் 6x9 ஓவல் திறப்பு இருக்கும். ஆகவே டோர் பேடைக் கழற்றி நான்கு அளவுகளைக் குறித்துக்கொள்ளவும்:

1. கதவுத் தகட்டில் உள்ள துளையின் விட்டம்.
2. தகட்டிலிருந்து, முழுவதும் இறக்கிய கண்ணாடி வரை உள்ள ஆழம்.
3. தகட்டிலிருந்து டோர் பேடின் கிரில் உள்பக்கம் வரை உள்ள இடைவெளி.
4. பழைய ஸ்பீக்கரின் ஸ்குரூ துளைகளுக்கு இடையிலான தூரம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். கண்ணாடி வரை 60 மி.மீ. ஆழம் உள்ளது. புதிய ஸ்பீக்கரின் ஆழம் 67 மி.மீ. காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே 5 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும். 67+5=72; அதில் 60 போக 12 மி.மீ. தடிமனுள்ள ஸ்பேசர் ரிங் தேவை. இப்போது முன்பக்கம் பாருங்கள். ரிங் 12 மி.மீ., ஸ்பீக்கரின் முன்புற உயரமும் கோன் அசைவும் சேர்த்து 10 மி.மீ., மொத்தம் 22. கிரில் வரை 30 மி.மீ. இருந்தால் சிக்கல் இல்லை. 20 தான் என்றால் ஆழம் குறைந்த வேறு மாடலைத் தேடவும்.

ரிங்கை ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் வாங்குவது நல்லது. எம்.டி.எஃப். பலகையில் செய்தால் எல்லாப் பக்கமும் பெயின்ட் அடித்த பிறகே பொருத்த வேண்டும். கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு. பெயின்ட் இல்லாத எம்.டி.எஃப். ஊறி உப்பிவிடும்.

டோர் பேடைக் கழற்றுதல்

கண்ணாடியை முழுவதும் இறக்கி, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி சில நிமிடங்கள் காத்திருக்கவும். கைப்பிடிக் குழியிலும் லாக் லீவர் பின்னாலும் மூடியிட்ட ஸ்குரூக்கள் இருக்கும். அவற்றை எடுத்த பிறகு அடிப்பக்கத்திலிருந்து பிளாஸ்டிக் நெம்புகோலால் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவிக்கவும். ஸ்குரூ டிரைவரை நுழைத்தால் பெயின்ட் கீறிவிடும். பேடைச் சட்டென்று இழுக்காதீர்கள். பவர் விண்டோ கனெக்டரும் கைப்பிடிக் கேபிளும் பின்னால் இணைந்திருக்கும்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. சில கார்களில் பக்கவாட்டு மோதலை அறியும் சென்சார் கதவுக்குள் இருக்கும். அது கதவினுள் ஏற்படும் காற்றழுத்த மாற்றத்தை வைத்தும் செயல்படலாம். அத்தகைய கதவில் புதிதாகத் துளை போடவோ, உள்ளே உள்ள பிளாஸ்டிக் ஷீட்டை நீக்கவோ கூடாது. கர்ட்டன் ஏர்பேக் உள்ள காரில் கண்ணாடி ஓரத் தூணில் ட்வீட்டரைப் பதிக்கவும் கூடாது. ஏர்பேக் விரியும்போது ட்வீட்டர் அதற்குத் தடையாகலாம். பிய்த்துக்கொண்டு முகத்தில் வந்து அடிக்கலாம். சைடு மிரரின் உள்பக்க முக்கோணத்தில் இடம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

பொருத்துதல்

பழைய ஸ்பீக்கர் ரிவெட் அடித்து இருந்தால் டிரில்லால் ரிவெட்டின் தலையை மட்டும் எடுக்கவும். விழும் இரும்புத் துகள்களை வேக்வம் கிளீனரால் உறிஞ்சிவிடுங்கள். விட்டால் அவை கதவினடியில் துருப்பிடிக்கும்; ஸ்பீக்கர் காந்தத்திலும் ஒட்டிக்கொள்ளும்.

இனி பேஸ் விஷயம். வூபரின் கோன் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இந்த இரண்டு அலைகளும் சந்தித்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றை ஒன்று அழித்துவிடும். ரிங்குக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் சந்து இருந்தாலே பேஸ் குறையும். ஆகவே ரிங்கின் இரு பக்கமும் ஃபோம் டேப் ஒட்டி இறுக்கவும். ஸ்பீக்கரைச் சுற்றியுள்ள தகட்டிலும், உள்ளே கதவின் வெளித்தகட்டிலும் பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டினால் அதிர்வு குறையும். ஆனால் கதவின் அடியில் உள்ள நீர் வடியும் துளைகளை ஒருபோதும் அடைக்க வேண்டாம். கழற்றிய பிளாஸ்டிக் ஷீட்டையும் மறக்காமல் திரும்ப ஒட்டவும். இல்லாவிட்டால் மழை நாளில் காருக்குள் தண்ணீர் வரும்.

கிராஸ்ஓவரைத் தண்ணீர் படும் பக்கம் வைக்காமல், ஷீட்டுக்கும் டோர் பேடுக்கும் நடுவிலோ டேஷ்போர்டின் கீழோ பொருத்தவும். கம்பெனி வயரை வெட்ட வேண்டாம். உங்கள் காருக்குரிய கனெக்டர் அடாப்டரை வாங்கினால் வாரன்டிச் சிக்கலும் குறையும். காரை விற்கும்போது பழைய ஸ்பீக்கரையும் திரும்ப மாட்டலாம்.

எது பிளஸ் என்று தெரியாத வூபரில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ட்வீட்டரில் இதைச் செய்யாதீர்கள்.

கம்ப்யூட்டர் உதவியுடன் சோதனை

டோர் பேடை மூடும் முன், கழற்றிய எல்லாக் கனெக்டர்களையும் இணைத்த பிறகே பேட்டரியை மாட்டவும். கண்ணாடியை ஏற்றி இறக்கி, லாக் வேலை செய்கிறதா எனப் பாருங்கள்.

இலவச மென்பொருளான ஆடாசிட்டியைத் திறந்து ஜெனரேட் மெனுவில் டோன் தேர்ந்தெடுக்கவும். சைன் அலை, 60 ஹெர்ட்ஸ், ஆம்ப்ளிடியூட் 0.5, நேரம் 30 வினாடி எனக் கொடுங்கள். அடுத்து அதே மெனுவில் சிர்ப் மூலம் 40 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒலியை உருவாக்குங்கள். இரண்டையும் தனித்தனி பைல்களாக எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் காப்பி செய்யவும்.

காரில் பேடரை முன்பக்கம் வைத்து, முதல் பைலைக் குறைந்த சத்தத்தில் ஓடவிடுங்கள். பேலன்ஸை இடப்பக்கம் மட்டும் வைத்துக் கேட்டு, பிறகு நடுவில் வையுங்கள். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது பேஸ் குறைந்தால் ஒரு பக்க வூபரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. இரண்டாவது பைலில் எந்த இடத்தில் கடகடவென்று சத்தம் வருகிறதோ, அங்கே கதவைக் கையால் அழுத்திப் பாருங்கள். நின்றுவிட்டால் அந்தக் கிளிப்புக்கோ வயருக்கோ ஃபோம் தேவை. ட்வீட்டர் காதைக் குத்தினால், உங்கள் கிராஸ்ஓவரில் மைனஸ் 3 டெசிபல் வசதி இருக்கிறதா பார்த்து மாற்றவும்.

முதல் முறை செய்பவர்கள் ஒரு கதவை முழுவதும் முடித்துவிட்டு அடுத்த கதவைத் திறக்கவும். எந்த ஸ்குரூ எங்கே என்ற சந்தேகம் வந்தால், கழற்றாத கதவு உங்களுக்கு வழிகாட்டும்.