பூரணாங்குப்பத்துத் தம்பிக்கு



நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். ஒரு ரூபாயில் கோடு, ஐந்து ரூபாயில் நசுங்கிய விளிம்பு, இரண்டு ரூபாயில் கறுத்த திட்டு. மூன்றுமே எரர் காயின் (நாணயச்சாலையிலேயே பிழையாக அடிக்கப்பட்ட காசு) இல்லை. நாணயச்சாலையை விட்டு வந்தபின் பட்ட அடிகள். மனம் தளராதே. தேடும் கண் உனக்கு இருக்கிறது. காசு பிறக்கும் விதத்தை முதலில் படி.

உலோகத் தகட்டிலிருந்து வில்லை வில்லையாக வெட்டுகிறார்கள். வில்லையின் விளிம்பை உருட்டி எழுப்புகிறார்கள். பிறகு மேலே ஒரு டை (அச்சு), கீழே ஒரு டை, சுற்றிலும் ஒரு வளையம், ஓர் அழுத்து. விசித்திரமான காசு கைக்கு வந்தால் இந்தக் கோளாறு எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்று கேள். பதில் கிடைக்கும்வரை அதை எரர் என்று எழுதி வைக்காதே.

கோட்டையே எடுத்துக்கொள். டை விரிசல் விட்டால் உலோகம் அதற்குள் ஏறும். காசில் கோடு புடைத்து நிற்கும். கீறல் என்றால் பள்ளம். பிறை வடிவில் விளிம்பு குறைந்த காசு கிடைத்தால் நேர் எதிர்ப்பக்கத்தை லென்ஸில் பார். வில்லையே குறையோடு வெட்டப்பட்டிருந்தால், விளிம்பை எழுப்பும்போது எதிர்ப்பக்கத்திலும் அழுத்தம் குறையும். அங்கே விளிம்பு பெரும்பாலும் மங்கியிருக்கும். அரத்தால் ராவி ஏமாற்றுபவனுக்கு இது தெரியாது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

அடித்த காசு டையிலேயே ஒட்டிக்கொண்டு, அதுவே அடுத்த வில்லைக்கு அச்சாகிவிடுவதும் உண்டு. அப்போது ஒரே முகம் இரு பக்கமும் விழும்: ஒரு பக்கம் புடைப்பாக, மறுபக்கம் குழிவாக, இடவலம் மாறி. அப்படி ஒன்று கிடைத்தால் பத்திரப்படுத்து.

எந்த நாணயச்சாலை என்பதற்கும் குறி உண்டு: ஆண்டுக்குக் கீழே புள்ளி இருந்தால் நொய்டா, நட்சத்திரம் ஐதராபாத், வைரம் மும்பை. குறியே இல்லாதது கொல்கத்தா. அதைக் குறை என்று சொல்லி விலை கேட்பவரிடம் வாங்காதே. பத்து ரூபாயில் கோடுகள் பத்தா பதினைந்தா என்பதும் வடிவ மாற்றம்தான். அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது.

நம் மண்ணின் காசுக்கு அளவுகோலே வேறு. பிரெஞ்சுக்காரர் காலத்துச் செப்புத் துட்டில் ‘புதுச்சேரி’ என்று தமிழில் பொறித்திருக்கும். கையால் அடித்த காசு அது. அச்சு நகர்ந்து எழுத்து பாதி வெளியே போயிருக்கும். இயந்திரக் காசில் அது பிழை, இதில் அன்றாட வழக்கம். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதே.

ரோமானிய வணிகம் நடந்த அரிக்கமேடு உனக்குப் பக்கம்தானே, ரோமானியக் காசு பற்றியும் சொல்கிறேன். 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளிவெட்டு. வேண்டுமென்றே வெட்டியவை அவை; பிழை அல்ல, ஆனால் எந்தப் பிழைக் காசையும்விட அதிகம் பேசுகின்றன. அதனால் அடிபட்ட காசையும் தூக்கி எறியாதே.

பழைய இரண்டு ரூபாய்க்கு லட்சங்கள் தருவதாக யாராவது அழைத்து, முன்பணமோ கமிஷனோ கேட்டால் ஒரு பைசாவும் கட்டாதே. தன் பெயரைச் சொல்லியே இந்த மோசடி நடக்கிறதென்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது.

அடுத்த முறை இரு முகங்களோடு விளிம்பையும் படமெடு. எடை போட்டு எழுது. பழைய கனத்த ஐந்து ரூபாய் 9 கிராம் இருக்க வேண்டும். தவளக்குப்பம் டீக்கடையில் கிடைக்கும் சில்லறையையும் விடாமல் பார்த்து அனுப்பு.