கடைசித் தொடரை விட்டுவிடாதீர்கள்

சித்தூர், திருப்பதி பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்கள் கையில் வைத்திருக்க வேண்டிய கேள்வி இது: ஓர் அரேயில் ஒரே மதிப்பு அடுத்தடுத்து எத்தனை முறை வருகிறது?

வேலையிலும் இந்தக் கணக்கு தேவைப்படும். சித்தூர்–திருப்பதி சாலையில் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் இருக்கிறது. வானிலைத் தரவு நமக்கு அயலான விஷயமல்ல. இந்திய வானிலைத் துறையின் கணக்கில், ஒரு நாளில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் அது மழைநாள். மழைநாளுக்கு 1, மற்ற நாளுக்கு 0 என்று குறியுங்கள். மானாவாரி நிலக்கடலை போட்ட விவசாயிக்கு, இடையில் எத்தனை நாள் தொடர்ந்து காய்ந்தது என்பதுதான் கவலை.

எழுதும் முறை

ஆறு நாள் தரவு: 1, 1, 0, 0, 0, 1. முதல் மதிப்பை எடுத்து, எண்ணிக்கையை 1 என்று வையுங்கள். இரண்டாவதிலிருந்து லூப் ஓடட்டும். அதே மதிப்பு வந்தால் எண்ணிக்கையில் ஒன்று கூட்டுங்கள். மாறினால், பழைய மதிப்பையும் எண்ணிக்கையையும் விடைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, புதிய மதிப்பை 1 என்று தொடங்குங்கள்.

ஆறாவது நாளில் 0 மூன்று முறை என்று பட்டியலில் ஏறும். லூப் அங்கேயே முடிந்துவிடும். கடைசி 1 இன்னும் சேரவில்லை. லூப்புக்கு வெளியே ஒரு வரி எழுதி அதைச் சேருங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

கவனிக்க

• வரிசைப்படுத்தாதீர்கள். வரிசைப்படுத்தினால் மூன்று 0, மூன்று 1 என்று மட்டுமே மிஞ்சும். மழை விட்டுவிட்டுப் பெய்த விவரம் அழிந்துபோகும்.
• அரே காலியாக இருந்தால் முதல் மதிப்பை எடுக்கும்போதே பிழை வரும். முதலில் அதைச் சோதியுங்கள்.
• பதிவு விடுபட்ட நாளை 0 என்று நிரப்பாதீர்கள். இல்லாத வறட்சியைக் காட்டும்.

இன்டர்வியூவில்

லூப்பை எழுதிக் காட்டிய பிறகு, பைத்தானில் இதற்கே குரூப்பை (groupby) என்ற வசதி உண்டு என்று சொல்லுங்கள். அரேயை ஒரே முறை கடப்பதால், உறுப்புகள் இரட்டித்தால் வேலையும் இரட்டிக்கும், அதற்கு மேல் போகாது என்றும் விளக்குங்கள். காலி அரே, ஒரே உறுப்பு, எல்லாம் ஒன்றே, எல்லாம் வேறுவேறு: இந்த நான்கையும் கேட்பதற்கு முன்பே நீங்களாக ஓட்டிக் காட்டுங்கள். நிரல் எழுதும் வேலையை உங்களிடம் நம்பி ஒப்படைக்கலாம் என்ற எண்ணம் அதில்தான் பிறக்கும்.