எண்ணை மட்டும் நம்பலாமா? யூனிக்ஸ் கணினிகளை அளந்த கதை

புது லேப்டாப் வாங்கணும்னா நாம முதல்ல என்ன செய்றோம்? பெஞ்ச்மார்க் ஸ்கோர் பார்க்கிறோம். ஒன்றுக்கு 8000, இன்னொன்றுக்கு 9500. அப்போ இரண்டாவதுதான் வேகம். முடிவு எடுத்தாச்சு!

ஆனால் அந்த ஸ்கோர் எந்த புரோகிராமை ஓட்டி எடுத்தது, எந்த கம்பைலரில், எத்தனை புரோகிராம்களின் சராசரி என்று யாரும் கேட்பதில்லை. 1980களில் யூனிக்ஸ் சர்வர்களும் வொர்க்ஸ்டேஷன்களும் விற்ற கம்பெனிகள் இதே கேள்விகளில் மாட்டிக்கொண்டு முழித்தன. அவர்கள் கற்ற பாடம் இன்றைக்கும் நமக்கு உதவும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் "எங்கள் முறை 3 மடங்கு வேகமானது" என்று எழுதப் போகிறவர்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும்.

மிப்ஸ் என்ற அளவுகோல்

மிப்ஸ் என்றால் ஒரு விநாடிக்கு எத்தனை மில்லியன் இன்ஸ்ட்ரக்ஷன்கள் என்ற கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், எல்லா பிராசஸரிலும் ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் ஒரே அளவு வேலையைச் செய்யாது. டிஜிட்டல் நிறுவனம் 1977இல் வெளியிட்ட வேக்ஸ் 11/780இல் ஒரே இன்ஸ்ட்ரக்ஷன் மெமரியிலிருந்து இரண்டு எண்களை எடுத்து, கூட்டி, விடையைத் திரும்ப மெமரியிலேயே வைத்துவிடும். ரிஸ்க் வகை பிராசஸரில் அதே வேலைக்கு இரண்டு லோடு, ஒரு ஆட், ஒரு ஸ்டோர் என நான்கு வேண்டும். நான்கு இன்ஸ்ட்ரக்ஷன் ஓட்டியவன் நான்கு மடங்கு வேகம் என்று சொன்னால் சரியாகுமா?

அதனால் எல்லோரும் வேக்ஸ் 11/780ஐ "1 மிப்ஸ் மெஷின்" என்று வைத்துக்கொண்டு, அதோடு ஒப்பிட ஆரம்பித்தார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த மெஷினின் கிளாக் 5 மெகாஹெர்ட்ஸ். பிறகு அளந்து பார்த்தபோது ஒரு இன்ஸ்ட்ரக்ஷனுக்குச் சராசரியாகப் பத்து சைக்கிளுக்கு மேல் ஆவது தெரிந்தது. கணக்குப் போடுங்க: 5 மில்லியனைப் பத்தால் வகுத்தால் அரை மில்லியன்தான். அதாவது "1 மிப்ஸ் மெஷின்" உண்மையில் அரை மிப்ஸ் மெஷின்! அளவுகோலே இப்படி இருந்தால், அதை வைத்து அளந்தது எப்படி இருக்கும்?

டிரைஸ்டோன்: சின்ன புரோகிராம், பெரிய நம்பிக்கை

அடுத்த முயற்சி, எல்லோரும் ஒரே புரோகிராமை ஓட்டிப் பார்ப்பது. ஃப்ளோட்டிங் பாயின்ட் கணக்குகளுக்கு 1972லேயே வெட்ஸ்டோன் என்ற புரோகிராம் வந்துவிட்டது. இங்கிலாந்தில் உள்ள வெட்ஸ்டோன் என்ற ஊரின் பெயர் அது. 1984இல் ரெய்ன்ஹோல்ட் வைக்கர் முழு எண் வேலைகளுக்காக ஒன்று எழுதி, "வெட்" என்றால் ஈரம்தானே என்று விளையாட்டாக அதற்கு "டிரைஸ்டோன்" என்று பெயர் வைத்தார். வேக்ஸ் 11/780 விநாடிக்கு 1757 டிரைஸ்டோன் ஓட்டும். உங்கள் மெஷினின் எண்ணை 1757ஆல் வகுத்தால் "டிரைஸ்டோன் மிப்ஸ்" வந்துவிடும்.

இதிலும் ஓட்டை இருந்தது. புரோகிராம் ரொம்பச் சின்னது. முழுவதும் கேஷுக்குள் அடங்கிவிடும். அதனால் மெயின் மெமரி எவ்வளவு மெதுவாக இருந்தாலும் ஸ்கோரில் தெரியாது. ஸ்ட்ரிங் காப்பி, ஸ்ட்ரிங் ஒப்பீடு ஆகியவற்றிலேயே கணிசமான நேரம் போகும். ஆக, அந்த இரண்டு ஃபங்ஷன்களை நன்றாக எழுதிய கம்பைலர் கம்பெனிக்கு ஸ்கோர் ஏறிவிடும். விடையை யாரும் பயன்படுத்தவில்லை என்று கண்டுபிடிக்கிற கம்பைலர் அந்த வேலையையே தூக்கிவிடவும் செய்யும். செய்யாத வேலைக்கு வேகம் அதிகம்தான்!

ஸ்பெக் பிறந்தது

1988இல் அப்போலோ, ஹியூலெட் பேக்கர்ட், மிப்ஸ், சன் ஆகிய நான்கு கம்பெனிகள் சேர்ந்து ஸ்பெக் என்ற அமைப்பைத் தொடங்கின. நான்குமே வொர்க்ஸ்டேஷன் சந்தையில் மோதிக்கொண்டிருந்தவை. இவர்கள் எடுத்த முடிவு: பொம்மை புரோகிராம் வேண்டாம், மக்கள் நிஜமாகவே ஓட்டும் புரோகிராம்களை எடுப்போம். 1989இல் வந்த முதல் தொகுப்பில் பத்து புரோகிராம்கள். ஜிசிசி கம்பைலர், சர்க்யூட் சிமுலேஷன் செய்யும் ஸ்பைஸ், லிஸ்ப் இன்டர்பிரிட்டர் என்று நம் சிலபஸில் வரும் பெயர்களே சில. இசிஇ நண்பர்களே, உங்க ஸ்பைஸ்தான்!

விதியும் போட்டார்கள். ஒவ்வொரு புரோகிராமுக்கும் வேக்ஸ் 11/780 எடுத்த நேரத்தை உங்கள் மெஷின் எடுத்த நேரத்தால் வகுக்க வேண்டும். அந்த விகிதங்களுக்குப் பெருக்குச் சராசரி எடுக்க வேண்டும். எந்த கம்பைலர், எவ்வளவு மெமரி, எந்த ஓஎஸ் வெர்ஷன் என்று எல்லாவற்றையும் வெளியே சொல்ல வேண்டும்.

ஏன் பெருக்குச் சராசரி?

இதை ஒரு சின்ன கணக்கில் பார்ப்போம். இரண்டு மெஷின்கள், இரண்டு புரோகிராம்கள்.

மெஷின் அ: முதல் புரோகிராம் 2 விநாடி, இரண்டாவது 100 விநாடி.
மெஷின் ஆ: முதல் புரோகிராம் 4 விநாடி, இரண்டாவது 50 விநாடி.

அ-வை அடிப்படையாக வைத்தால் ஆ-வின் விகிதங்கள் 0.5, 2. சாதாரணச் சராசரி 1.25. அப்போ ஆ 25% வேகம். இப்போ ஆ-வை அடிப்படையாக வையுங்க. அ-வின் விகிதங்கள் 2, 0.5. சராசரி அதே 1.25. அப்போ அ 25% வேகம்! இரண்டு பேருமே தங்கள் விளம்பரத்தில் "நாங்கதான் 25% வேகம்" என்று போட்டுக்கலாம். இரண்டு விளம்பரத்திலும் கணக்குத் தப்பு இல்லை.

பெருக்குச் சராசரி எடுத்தால் 0.5ஐ 2ஆல் பெருக்கி வர்க்கமூலம், அதாவது 1. எந்த மெஷினை அடிப்படையாக வைத்தாலும் அதே விடை. சண்டை தீர்ந்தது.

ஆனால் அவசரப்படாதீங்க. மொத்த நேரத்தைக் கூட்டிப் பாருங்க: அ-வுக்கு 102 விநாடி, ஆ-வுக்கு 54. உங்கள் வேலை இந்த இரண்டு புரோகிராமையும் தலா ஒரு முறை ஓட்டுவதுதான் என்றால் ஆ கிட்டத்தட்ட பாதி நேரத்தில் முடித்துவிடும். பெருக்குச் சராசரியோ "இரண்டும் ஒன்றுதான்" என்கிறது. அது ஒப்பீட்டை நியாயமாக்கும். நீங்கள் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை அது சொல்லாது.

மேட்ரிக்ஸ்300: ஒரு வரி செய்த வேலை

இப்போ கதையின் முக்கியமான இடம். அந்தப் பத்தில் ஒன்றின் பெயர் மேட்ரிக்ஸ்300. 300க்கு 300 அளவுள்ள மேட்ரிக்ஸ்களைப் பெருக்கும் ஃபோர்ட்ரான் புரோகிராம். அதன் நேரத்தில் 99 சதவீதம் ஒரே ஒரு வரியில்தான் செலவாகும்.

ஒரு மேட்ரிக்ஸின் அளவு என்ன? 300 × 300 × 8 பைட் = 7,20,000 பைட். மூன்று மேட்ரிக்ஸ்களுக்கு 21 லட்சம் பைட்டுக்கு மேல். அக்காலத்தில் 64 கிலோபைட் கேஷ் என்றாலே பெரிய விஷயம். அதனால் ஒவ்வொரு எண்ணையும் திரும்பத் திரும்ப மெயின் மெமரியிலிருந்து எடுத்து வர வேண்டியிருந்தது. பிராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இதற்குத் தீர்வு "பிளாக்கிங்". மேட்ரிக்ஸை 32க்கு 32 துண்டுகளாக வெட்டினால் ஒரு துண்டு 8 கிலோபைட், மூன்று துண்டு 24 கிலோபைட். கேஷுக்குள் சுகமாக உட்காரும். லைப்ரரிக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓடாமல், தேவையான புத்தகத்தை மேஜைக்கே கொண்டு வந்து முழுக்கப் படித்து முடிப்பது மாதிரி. மொத்தப் பெருக்கல்களின் எண்ணிக்கை மாறாது. மெமரிக்கு அலையும் அலைச்சல்தான் குறையும்.

1990களின் தொடக்கத்தில் கம்பைலர்கள் இதைத் தானாகச் செய்யக் கற்றுக்கொண்டன. ஐபிஎம்மின் பவர்ஸ்டேஷன் 550இல் பழைய கம்பைலர், மேம்படுத்திய கம்பைலர் இரண்டின் ஸ்பெக் முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்த படம் பாடப் புத்தகங்களிலேயே பிரபலம். மற்ற புரோகிராம்களில் சின்னச் சின்ன மாற்றம். மேட்ரிக்ஸ்300இல் மட்டும் கம்பி வானத்துக்குப் போகும். மெஷின் அதேதான்!

இது சராசரியை என்ன செய்யும்? கற்பனையாக ஒரு கணக்கு: பத்து புரோகிராமிலும் விகிதம் 70. இதில் ஒன்று மட்டும் 8 மடங்காகி 560 ஆகிறது. சாதாரணச் சராசரி 70இலிருந்து 119 ஆகிவிடும். பெருக்குச் சராசரி சுமார் 86 ஆகும். கொஞ்சம் அடக்கி வாசிக்கிறது, ஆனாலும் 23% ஏற்றம். நீங்கள் தினமும் ஓட்டுவது ஜிசிசி என்றால் அந்த 23 சதவீதத்தில் உங்களுக்குக் கிடைப்பது பூஜ்யம்.

இது ஏமாற்று வேலையா? இல்லை என்பதுதான் என் பதில். பிளாக்கிங் நேர்மையான, பயனுள்ள உத்தி. மேட்ரிக்ஸ் பெருக்கும் எல்லோருக்கும் அது உதவும். தப்பு, ஒரு வரியின் வேகத்தை முழு மெஷினின் வேகமாகக் காட்டியதில்தான் இருக்கிறது. அடுத்து வந்த ஸ்பெக் 92 தொகுப்பில் மேட்ரிக்ஸ்300ஐ நீக்கிவிட்டார்கள். பின்னாளில் "பேஸ்", "பீக்" என்று இரண்டு எண்களைப் பிரித்தார்கள். பேஸ் எண்ணுக்கு, ஒரே மொழியில் உள்ள எல்லா புரோகிராம்களுக்கும் ஒரே கம்பைலர் ஃபிளாக்குகள்தான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மெருகேற்றினால் அது பீக்.

இந்தப் போராட்டம் இன்னும் முடியவில்லை. 2024இல் ஸ்பெக் அமைப்பு 2600க்கும் மேற்பட்ட சிபியு 2017 முடிவுகளில் குறிப்பு போட்டது. அவற்றுக்குப் பயன்பட்ட இன்டெல் கம்பைலர், தொகுப்பில் உள்ள ஒரு புரோகிராமின் கோடையும் டேட்டாவையும் முன்கூட்டியே அறிந்து, அதற்கென்றே செய்த மாற்றத்தைப் பயன்படுத்தியது என்பது காரணம்.

சர்வர் என்றால் கேள்வியே வேறு

வொர்க்ஸ்டேஷனில் ஒருவர் உட்கார்ந்து ஒரு வேலை செய்கிறார். "எப்போ முடியும்?" என்பது கேள்வி. சர்வரில் நூறு பேர் ஒரே நேரத்தில் வருகிறார்கள். "விநாடிக்கு எத்தனை?", "ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?" என்று இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஏன் சேர்த்து? ஒரு டிஸ்க் ஒரு கோரிக்கையை முடிக்க 10 மில்லிவிநாடி எடுக்கிறது என்று வையுங்க. கோரிக்கைகள் ஒழுங்கில்லாமல் வந்தால், எளிய க்யூ மாடலில் சராசரி ரெஸ்பான்ஸ் டைம் = 10 ÷ (1 − டிஸ்க் பிஸியாக இருக்கும் பங்கு). 50% பிஸி என்றால் 20 மில்லிவிநாடி. 80% என்றால் 50. 90% என்றால் 100. 95% என்றால் 200. கடைசி 5 சதவீதத்தைப் பிழிந்தெடுக்க, காத்திருப்பு இரண்டு மடங்கு! ரிசல்ட் வெளியாகும் நாளில் சைட் ஏன் படுத்துவிடுகிறது என்று இப்போ புரிகிறதா?

டேட்டாபேஸ் சர்வர்களில் 1980களில் நடந்த கூத்தும் இதுதான். யூசர் டெர்மினல்களையும், அவர் யோசிக்கும் நேரத்தையும் விட்டுவிட்டு டிரான்சாக்ஷன்களை மட்டும் வரிசையாகத் தள்ளி, பெரிய எண் காட்டினார்கள். 1988இல் டிபிசி என்ற அமைப்பு தொடங்கியது. அடுத்த ஆண்டே வந்த டிபிசி-ஏ விதிப்படி, 90% டிரான்சாக்ஷன்கள் 2 விநாடிக்குள் முடிந்தாக வேண்டும். ஐந்து ஆண்டுச் செலவையும் கணக்கிட்டு, ஒரு டிரான்சாக்ஷன் வேகத்துக்கு எத்தனை டாலர் என்றும் சொல்ல வேண்டும். வேகம், காத்திருப்பு, விலை மூன்றும் ஒன்றாக வந்தால்தான் அது நேர்மையான எண்.

நம்ம லேபில் செய்து பாருங்க

லினக்ஸ் உள்ள எந்த மெஷினும் போதும்.

1. சி மொழியில் 2000க்கு 2000 அளவுள்ள மேட்ரிக்ஸ் பெருக்கல் எழுதுங்க. மூன்று மேட்ரிக்ஸும் சேர்ந்து 96 மெகாபைட். வழக்கமான ஐ, ஜே, கே வரிசையில் ஒரு முறையும், உள் லூப்கள் இரண்டையும் இடம் மாற்றி ஐ, கே, ஜே வரிசையில் ஒரு முறையும் ஓட்டுங்க. விடை ஒன்றுதான். நேரம் ஒன்றா என்று பாருங்க.

2. விடையில் ஏதாவது ஒரு எண்ணைக் கடைசியில் பிரின்ட் பண்ணுங்க. இல்லையென்றால் கம்பைலர் முழு லூப்பையும் தூக்கி எறிந்துவிட்டு "0 விநாடி" காட்டும்.

3. நேரம் பார்க்க டைம் கமாண்ட். அது ரியல், யூசர், சிஸ் என்று மூன்று எண் தரும். யூசர் உங்கள் கோடுக்கு, சிஸ் கெர்னலுக்கு, ரியல் சுவர்க் கடிகாரத்துக்கு. ஒரே த்ரெட் உள்ள புரோகிராமில் ரியல் மட்டும் ரொம்ப அதிகம் என்றால், டிஸ்கிலோ வேறு புரோகிராமின் க்யூவிலோ காத்திருக்கிறது என்று அர்த்தம். அப்போ பிராசஸரை மாற்றிப் பயனில்லை.

4. பக்கத்து டெர்மினலில் விஎம்ஸ்டாட்டை ஓட விடுங்க. ஸ்வாப் பத்திகளில் எண் ஏறினால் ரேம் போதவில்லை. நீங்கள் அளப்பது டிஸ்க்கை, பிராசஸரை இல்லை.

5. ஒரு முறை ஓட்டி நிறுத்தாதீங்க. குறைந்தது ஐந்து முறை ஓட்டி நடு எண்ணை எடுங்க, வித்தியாசத்தையும் எழுதுங்க. முதல் ஓட்டத்தில் ஃபைல் டிஸ்கிலிருந்து வரும், அடுத்ததில் மெமரியிலிருந்தே வரும்.

6. பிறகு கம்பைலரின் ஆப்டிமைசேஷன் ஃபிளாக்கை மாற்றி மறுபடி எல்லாம். மெஷினைத் தொடாமலேயே ஸ்கோர் எப்படி மாறுகிறது என்று நீங்களே பார்ப்பீங்க. மேட்ரிக்ஸ்300 கதை உங்க கண் முன்னாடி நடக்கும்.

ரிப்போர்ட்டில் எண்ணோடு சேர்த்து பிராசஸர், ரேம், கெர்னல் வெர்ஷன், கம்பைலர், ஃபிளாக், எத்தனை ஓட்டம் என்று ஆறும் எழுதுங்க. இவை இல்லாத எண்ணை இன்னொருவர் சோதித்துப் பார்க்க முடியாது.

அடுத்த முறை யாராவது "இந்த மெஷின் ஸ்கோர் 9500 மச்சி" என்று சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எதை ஓட்டி?" உங்க வேலைக்கு நெருக்கமான புரோகிராமை ஓட்டி எடுத்த சின்ன எண், யாரோ எதையோ ஓட்டி எடுத்த பெரிய எண்ணை விட மேல்.