நோட்டைக் கேட்டால் என்ன சொல்வது?

“மிஸ் கேட்டா உன்னைப் பார்த்து எழுதினேன்னு சொல்லவே மாட்டேன், குடுடி!” முதல் மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் இப்படிக் கேட்பார்கள். மறுத்தால் ‘சீன் போடுறா’ என்பார்கள். கொடுத்தால் நாளைக்கும் கேட்பார்கள். இந்த இழுபறியில் தவிக்கும் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பிளஸ் ஒன், பிளஸ் டூ அறிவியல் பிரிவினருக்கு, சில யோசனைகள்.

முதலில், கேட்பது யார் என்று பாருங்கள். காய்ச்சலில் விடுப்பு எடுத்தவருக்கு வகுப்புக் குறிப்பைக் கொடுப்பதில் தவறே இல்லை. கொடுக்க மறுப்பதுதான் அற்பத்தனம். கணக்கு புரியாமல் கேட்பவருக்கு முதல் இரண்டு வரியை மட்டும் போட்டுக் காட்டுங்கள், மீதியை அவரே போடட்டும். புரிந்தும் சோம்பலில் வாரம் முழுக்கக் கை நீட்டுகிறவரிடம்தான் கறாராக இருக்க வேண்டும்.

அவரிடம் காரணங்களை அடுக்காதீர்கள். ‘வீட்டுல மறந்து வச்சிட்டேன்’ என்ற பொய் ஒரு நாள்தான் தாங்கும். “நோட்டு தர மாட்டேன். புரியலைன்னா லஞ்ச்ல வா, சொல்லித் தரேன்.” இது போதும். நிஜமாகவே தேவைப்படுகிறவர் வருவார். மற்றவர்கள் வேறு ஆளைத் தேடிப் போவார்கள், போகட்டும். சில நாள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதற்கு மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

நோட்டைவிட ஆபத்தானது வாட்ஸ்அப் போட்டோ. நோட்டு போனால் திரும்பி வந்துவிடும். போட்டோ உங்கள் கையெழுத்தோடு அடுத்த செக்‌ஷன் வரை போய்விடும், அழிக்கவும் முடியாது. ஆகவே, எழுதிய பக்கத்தைப் படமெடுத்து யாருக்கும் அனுப்புவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், நெருங்கிய தோழிக்கும் சேர்த்துத்தான்.

ரெக்கார்டு நோட்டில் இன்னும் கவனம் வேண்டும். சரியான விடை எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் ஆசிரியர் சந்தேகப்பட மாட்டார். ஒரே தப்பு இரண்டு நோட்டில் இருந்தால் உடனே பிடிபடும். ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஆளுக்கு ஒரு கலையாவது முன்பின்னாக வரும். டைட்ரேஷனில் பியூரெட் அளவும் அப்படித்தான். எல்லா அளவீடும் அச்சடித்தது போலப் பொருந்தினால், யாரைப் பார்த்து யார் எழுதியது என்று ஆராய ஆசிரியருக்கு நேரம் இருக்காது. இருவருக்கும்தான் திட்டு விழும். எனவே ஆய்வகத்தில் எடுத்த அளவீடுகளை அன்றைக்கே தேதி போட்டு, ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ரஃப் நோட்டைக் கிழித்துப் போடாதீர்கள். உழைத்தது நீங்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி இல்லை.



ஆசிரியரிடம் சொல்வது கோள் சொல்வதாகாது, ஆனால் முதல் நாளே பெயரோடு போகவேண்டியதில்லை. “மிஸ், என் நோட்டு கைமாறிக்கிட்டே இருக்கு. முடிச்ச அன்னைக்கே உங்ககிட்ட குடுத்துடட்டுமா?” என்று கேளுங்கள். அனுபவமுள்ள ஆசிரியருக்கு மற்றது விளங்கிவிடும். பிளஸ் டூவில் ஒவ்வொரு பாடத்துக்கும் 10 அகமதிப்பீட்டு மதிப்பெண் பள்ளியின் கையில் இருக்கிறது. ஆசிரியரின் நம்பிக்கையை அடுத்தவருக்காக இழப்பது வீண்.

தேர்வறையில் இந்தத் தாட்சண்யமே வேண்டாம். எழுதி முடித்த தாளை மூடி வையுங்கள். பின்னாலிருந்து பேனாவால் குத்தினால், எழுந்து இடம் மாற்றிக் கேளுங்கள். பொதுத்தேர்வில் விடைத்தாளைக் காட்டியவரும் ஒழுங்கீனச் செயலில் சிக்குவார். ‘பாவம்னு காட்டினேன்’ என்ற சமாதானம் எடுபடாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்காதீர்கள். வகுப்பாசிரியரைப் பாருங்கள். ஆனால் நோட்டுக்காக யாராவது மிரட்டினாலோ அடித்தாலோ, அது காப்பி விவகாரம் அல்ல. அன்றைக்கே தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். அங்கே காதில் போட்டுக்கொள்ளாவிட்டால், பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417-ஐ அழையுங்கள்.